முந்நூறு மீட்டரில் ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சுருட்டிய பாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் பன்னிரண்டாம் மாடியிலிருந்து இறங்குவேன். எட்டாம் மாடியில் லிஃப்ட் நிற்கும். காலிப் பையோடு பாசாருக்குக் கிளம்பிய லிம் ஆன்டி ஏறுவார். "யோகா ஆ, அங்கிள்?" என்பார். நான் தலையாட்டுவேன். ஐந்து மாதங்களாக அதே கேள்வி, அதே தலையாட்டல். ஒருநாள் அவர் என் வயிற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு, "சோ லோங் ஆல்ரெடி, ஸ்டமக் ஸ்டில் சேம் லா" என்றார். நல்லவேளை, கீழ்த்தளம் வந்து கதவு திறந்துவிட்டது. அந்தப் பாய் குப்புறப் படுத்து ரைஃபிள் சுடுவதற்கானது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஊரில் தீபாவளிக் கடை வாசலில் நின்று "ஒரு துப்பாக்கி, ரெண்டு டப்பா கேப்பு" என்று கூவி வாங்கலாம். இங்கே அந்தச் சொல்லை லிஃப்டுக்குள் எடுத்தால் காற்று இறுகிவிடும். அனுமதியில்லாத ஒற்றைத் தோட்டா பாக்கெட்டில் கிடந்தாலே சிறை என்கிற, மலாய் பேசும் நாடு இது. ஆகவே அண்டை வீட்டாருக்கு நான் யோகா செய்கிறவன். வயிறு மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விருதுநகரிலிருந்து இங்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. லோரிகள் ஏறி நின்று எடை காட்டுகிற இரும்புத் தளங்கள். கிள்ளான் துறைமுகப் பக்கமும் காப்பாரில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களின் ஓரமும் நான் சரிபார்க்காத தளம் குறைவு. மேடையைக் கூட்டிப் பெருக்கி, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, திரையில் எண் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு காகம் வந்து உட்கார்ந்தாலும் எண் நடுங்கும். இப்படி வருடத்துக்கு இரண்டு முறை போகும் இடங்களில் ஒன்று, காப்பாரில் கஸ்தூரி நடத்துகிற லோரிப் பட்டறை. கஸ்தூரிக்கு முப்பத்து நான்கு வயது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். அப்பா நோயில் படுத்த பிறகு பதினொரு லோரிகளையும் பதினொரு டிரைவர்களையும் அவள்தான் மேய்க்கிறாள். போன வருடம், சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"சண்டே மட்டும் கூப்பிடாதீங்க அண்ணே. ஷூட்டிங் இருக்கு, போன் ஆஃப்."

"எந்தப் படம்மா?"

"என்ன படம்?"

"ஷூட்டிங்னு சொன்னீங்களே. நடிக்கிறீங்களா, இல்ல லோரிய வாடகைக்கு விடுறீங்களா?"

அவள் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. லோரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணே! டிஷ்யூம் டிஷ்யூம் ஷூட்டிங் லா. ரைஃபிள். ஆறுநூறு மீட்டர்ல தட்டு தொங்கும், அத சுடணும். நீங்க தமிழ்நாட்டு ஆளுங்க எல்லாரும் ஷூட்டிங்னா ஹீரோயின்னுதான் நெனைப்பீங்களா?"

எல்லோரும் அப்படித்தான் என்று நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில், அந்த ஆறுநூறு மீட்டர் என்னை விடவில்லை. கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிற ஒன்றுக்காக ஓர் ஆள் அசையாமல் கிடப்பது. நான் அசையாமல் இருந்ததே கிடையாது. பத்தொன்பது வருடங்களில் ஏழு வீடு மாறியவன். சாப்பிடும்போது கால் ஆடும், பேசும்போது கை ஆடும், தூங்கும்போதுகூட யாரையோ துரத்துவேன் என்று மனைவி வசந்தா சொல்வாள். ஆடுகிற எண்களை அடக்குகிறவன் தன்னை அடக்கியதில்லை. இரண்டு வாரம் கழித்து, சரிபார்க்க எதுவுமே இல்லாத ஒரு நாளில், நானே காப்பாருக்குப் போய் நின்றேன். "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். கஸ்தூரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குப்புறப் படுத்தா எந்திரிப்பீங்களா அண்ணே?"

படுத்து எழுவது எளிது; உள்ளே நுழைவதுதான் கடினமாக இருந்தது. செமினிக்கு அப்பால், செம்பனை மரங்களுக்கு நடுவே, மலையை முதுகுச்சுவராக வைத்து அமைந்த அந்தத் திடலை நடத்தும் சங்கம் சிறியது. குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டை, இங்கே 'ஐசி' என்பார்கள், நீலம். என்னைப் போல நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி பெற்றவர்களுடையது சிவப்பு. என் அட்டையை மேசையில் வைத்ததும் செயற்குழுவின் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். ஐந்து மாதம் பழகுநராக வரலாம். சங்கத்தின் ரைஃபிளை மட்டுமே, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே தொடலாம். முடிவில் முந்நூறு மீட்டரில் ஒரு தேர்வு. ஆனால் ஓர் உறுப்பினர் என் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பாதுகாப்பு விதியை மீறினால் தண்டனை எனக்கு மட்டுமல்ல, கையெழுத்துப் போட்டவருக்கும் உண்டு. கஸ்தூரி பேனாவை எடுத்தாள். ஆறு மாதத்தில் மாநில அணித் தேர்வு இருந்தது அவளுக்கு. மூன்று வருடமாக அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தாள். "யோசிச்சுப் போடுங்கம்மா" என்றேன். "பதினொரு லோரிக்கு கையெழுத்துப் போடுறவ அண்ணே நானு. நீங்க என்ன, பன்னெண்டாவது லோரி" என்றாள். அன்றிலிருந்து என் தோளில் ரைஃபிள் பதியும் போதெல்லாம் அந்தக் கையெழுத்தின் கனமும் சேர்ந்தே பதிந்தது.

வசந்தாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "செவப்பு ஐசிய வச்சுக்கிட்டு துப்பாக்கி கேக்குதா உங்களுக்கு? உங்க அப்பா தூக்கினது போதாதா?" என்றாள். அப்பா விருதுநகரில் ஒரு வங்கியின் காவலாளி. வாசல் ஸ்டூலில், மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். தேர்தல் வந்தால் எல்லாத் துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு தடியோடு உட்கார்ந்திருப்பார், மீசை எடுத்த மாதிரி இருக்கும். என்னை ஒருநாளும் அதைத் தொடவிட்டதில்லை. அதைத் தொடத்தான் இங்கு வந்தேனா என்று வசந்தா கேட்டாள். நான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினேன்.

திடலில் எனக்கு வாய்த்தவர் ரசாக். ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரர். சுடுகளத்துக்கு அவர்தான் அதிகாரி. குரல் தணிந்தது, கண் மட்டும் எப்போதும் தூரத்தில். முதல் மூன்று ஞாயிறு தோட்டாவே கிடையாது. காலி ரைஃபிள். பாயில் படுத்து, கன்னத்தைக் கட்டையில் வைத்து, மூச்சைப் பாதி விட்டு, அந்த இடைவெளியில் விசையை அழுத்த வேண்டும். இழுக்கக் கூடாது, அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்பது விரலுக்கே தெரியக் கூடாது. குழல் நுனியில் ஒரு இருபது காசு நாணயத்தை வைத்துவிட்டு ரசாக் நின்றுகொண்டிருப்பார். நாணயம் விழும். எடுத்து வைப்பார். விழும். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கும், துடைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி, தோட்டாவும் இல்லை, வெற்றுக்கூடும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். தோட்டாவே தராத நாளிலும் சொன்னேன். சொல்லும்போது, இல்லாத குற்றம் ஒன்றுக்கு ஒவ்வொரு ஞாயிறும் நெஞ்சு படபடத்தது.

எனக்கு இரண்டு மலாய்ச் சொற்கள் போதும் என்றார் ரசாக். 'தெம்பாக்' என்றால் சுடு. 'பெர்ஹென்தி' என்றால் நிறுத்து. விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான் சிரித்தேன். பத்தொன்பது வருடமாக இந்த மொழியில் பேரம் பேசி, சண்டை போட்டு, மருத்துவரிடம் வயிற்றுவலியை விவரித்து வாழ்கிறவனுக்கு இரண்டு சொல் பாடமா என்று தோன்றியது.

நூறு மீட்டர் போனது, இருநூறு போனது. முந்நூறில் உலகம் மாறிவிட்டது. அங்கே தொங்குகிற வெள்ளைத் தகடு வெறும் கண்ணுக்கு ஒரு அரிசி. தொலைநோக்கியில் பார்த்தால் அது தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். அந்தக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று கஸ்தூரி சொல்லிக்கொடுத்தாள். "காத்த பாக்க முடியாதுன்னு யாரு அண்ணே சொன்னா? அந்தா ஓடுது பாருங்க, எறும்பு மாதிரி." சுட்டபின் தகடு ஆடுவது முதலில் தெரியும். 'டிங்' என்ற சத்தம் அதற்கப்புறம்தான், தயங்கித் தயங்கி, புல்வெளியைக் கடந்து வந்து சேரும். நடந்தது ஒரு நேரம், கேட்டது இன்னொரு நேரம். எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது. ஊரிலிருந்து வரும் செய்திகள் அப்படித்தானே வருகின்றன? இறப்பு அங்கே நிகழ்ந்து முடிந்திருக்கும். நாம் இங்கே தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருப்போம்.

தேர்வு நாள் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண்ணிலிருந்து ஆவி எழுந்து கானல் தடித்துக் கிடந்தது. ஐந்து தோட்டா, ஏதோ ஒன்று தகட்டில் பட்டால் போதும் என்ற எளிய கணக்கல்ல. ஐந்தில் மூன்று பட வேண்டும், ஒரு விதியும் பிசகக் கூடாது. திடலின் ஓரத்தில், செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் மண்பாதை திரும்புகிற இடத்தில், சுடும் நேரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நிற்பது வழக்கம். அன்று அந்த இடத்தில் கொடி மட்டும் மண்ணில் ஊன்றியிருந்தது, ஆள் வரவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் படுத்தேன். கஸ்தூரி எனக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரசாக் என் வலப்புறம் மண்டியிட்டிருந்தார். காதுமூடியை மாட்டினேன், வெடிச்சத்தத்தை அடக்கி, பேச்சை மட்டும் உள்ளே விடுகிற வகை அது. "தெம்பாக்" என்றார்.

முதல் தோட்டா மண்ணில். இரண்டாவது தகட்டில், டிங் வந்தது. மூன்றாவது விளிம்பில் பட்டுத் தகடு கோணலாகச் சுழன்றது. நான்காவது எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்னும் ஒன்று. அது பட்டால் உள்ளே, படாவிட்டால் வெளியே. ஐந்தாவதை உள்ளே தள்ளினேன். தகடு நெளிந்தது. கானல் இடப்பக்கமாக ஓடியது. தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினேன். மூச்சைப் பாதி விட்டேன். என் இதயம் பாயைத் தட்டித் தட்டி என்னைத் தூக்கிப் போட்டது. அது இரண்டு தட்டுக்கு நடுவே அடங்குகிற கணத்துக்குக் காத்திருந்தேன். அப்போது காதுக்குள், மிக அருகில், அவசரமாக, ரசாக்கின் குரல் கேட்டது:

"சுடா! சுடா!"

சுட்டேன்.

தகட்டின் நடுவில் பட்டது. அன்று நான் சுட்டதிலேயே சிறந்த தோட்டா அதுதான். டிங் வந்து சேர்வதற்குள் ரசாக்கின் உள்ளங்கை என் தலையைத் தாண்டி நீண்டு ரைஃபிளைத் தரையோடு அழுத்தியிருந்தது. யாரோ விசில் ஊதினார்கள். நான் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கஸ்தூரியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. தகட்டுக்கு இடப்பக்கம், பத்து பன்னிரண்டு அடி தள்ளி, மண்மேட்டின்மேல் நீலச்சட்டை போட்ட ஒருவர் தோளில் புல்வெட்டும் இயந்திரத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

மலாய் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 'சுடா' என்றால் முடிந்தது, ஆயிற்று, போதும். சாப்பிட்டாயிற்றா என்பதை 'சுடா மாக்கான்?' என்றுதான் இங்கே எல்லோரும் கேட்பார்கள். நான் தினமும் கேட்கிறேன், தினமும் பதில் சொல்கிறேன். மண்மேட்டில் ஆளைப் பார்த்த பதற்றத்தில், ரசாக் தான் கற்றுக்கொடுத்த 'பெர்ஹென்தி'யை மறந்துவிட்டு, வீட்டில் பேரப்பிள்ளையிடம் சொல்வதைப்போல, போதும் போதும் என்று சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது வேறு. சுடுடா, சுடுடா. யாரோ ஒரு தாய்மாமன் என் தோளைத் தட்டி உற்சாகப்படுத்தியது போல அவ்வளவு தெளிவான தமிழ்.

நானும் ரசாக்கும் அந்த மனிதரை நோக்கி நடந்தோம். முந்நூறு மீட்டர் நடப்பதற்கு இவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. அவர் பங்களாதேஷ்காரர், பக்கத்துத் தோட்டத்துக் கூலி. புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலுக்காக அவரும் காதை மூடியிருந்தார். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. நான் எதிரே போய், "மாஆஃப், மாஆஃப்" என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைவிட வேகமாக, "மாஆஃப் பொஸ், மாஆஃப் பொஸ்" என்றார். தான் எல்லை தாண்டி வந்துவிட்டதற்காக, முதலாளி என்று அழைத்து மன்னிப்புக் கேட்கிறார். பிறகு இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையைத் தடவி, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த வேலை பெர்மிட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தன்னை நோக்கி இரண்டு பேர் இப்படி நடந்து வந்தால் அது காகிதம் கேட்கத்தான் என்று அவருக்குத் தெரியும். வந்த முதல் வருடங்களில் எனக்கும் தெரியும். நான் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. வாங்காதது அவரை இன்னும் பயமுறுத்தியது.

காஜாங் ரயில் நிலையம்வரை கஸ்தூரி காரில் கொண்டுவந்து விட்டாள். பாதி வழியில் வானொலியை அணைத்தாள். பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "கேக்கலன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"சனிக்கிழமை கமிட்டி கூப்பிடும். காதுமூடி பேட்டரி வீக்கு, ஒண்ணும் கேக்கலன்னு சொல்லுங்க அண்ணே. கேக்காதவன் மேல தப்பு இல்ல. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது."

"காதுமூடிய செக் பண்ணிக் குடுத்தது ரசாக். அவர் தலைல விழும்."

"அவரு முப்பது வருசம் ஆர்மி. தாங்குவாரு. எனக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன் லா, அண்ணே!" ஸ்டியரிங்கை ஒருமுறை அடித்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லுங்க. சுடான்னா எப்படி உங்களுக்கு சுடுன்னு கேட்டுச்சு? சுடாதன்னுகூட கேட்டிருக்கலாம்ல? அதுவும் தமிழ்தானே?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் சொன்னது சரி. என் தாய்மொழியில்கூட அந்த ஒலி பாதியில் நிற்கிற சொல்தான். 'தே' என்று ஓர் எழுத்து வந்து சேர்ந்திருந்தால் அது முழுதாகக் கவிழ்ந்திருக்கும். நான் அந்த எழுத்துக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு அர்த்தம் கிடந்த இடத்தில், எனக்கு வேண்டிய அர்த்தத்தை என் விரல் எடுத்துக்கொண்டது. ஐந்தாவது தோட்டாவை நான் அவ்வளவு விரும்பியிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அப்பாவின் ஒரு பகல் திரும்பத் திரும்ப வந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பணம் கட்ட வந்த கூட்டம் வங்கியில் நிறைந்திருந்தபோது வாசலில் பெரிய சத்தம். எல்லோரும் தரையில் விழுந்தார்கள். அப்பா மட்டும் எழுந்து நின்று துப்பாக்கியைத் தூக்கினார். கை நடுங்கியது, விரல் மட்டும் விசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வெடித்தது ஒரு மாட்டுத்தீவன லாரியின் டயர். மேனேஜர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஏன்யா, நெசமாவே கொள்ளைக்காரன் வந்திருந்தா இப்படித்தான் மரம் மாதிரி நின்னிருப்பியா?" என்று கூட்டத்துக்கு நடுவில் திட்டினார். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "என்ன சத்தம்னு தெரியணும்ல சார்." எல்லோரும் சிரித்தார்களாம். நானும் பல வருடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சனிக்கிழமை அதே மேசை, அதே மூன்று பேர். தலைவர் ஒரு சீனர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். சொற்களை அளந்துதான் வைப்பார். கேட்டதா, கேட்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்லச் சொன்னார். கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலணியின் நாடா ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். கேட்டது. தப்பாகக் கேட்டது. என் மொழியில் அந்த ஒலிக்குச் சுடு என்று பொருள்.

சாளரத்தில் ஏர்கோன் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் கஸ்தூரியிடம் திரும்பினார். நீங்களும் தமிழர்தான், உங்களுக்கு அப்படிக் கேட்டதுண்டா என்றார்.

"நோ" என்றாள் கஸ்தூரி. சற்று நின்று, "நெவர்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல் அவளுக்குச் சோற்றுக்குப் பின்னால் வருவது, பள்ளிக்கூட மணிக்குப் பின்னால் வருவது. ஒரே மொழியில் சிரித்துச் சண்டை போடுகிற எங்கள் இருவருக்கும் காது வேறு வேறு என்று அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கு பத்தொன்பது வருடங்களில் கற்றுக்கொண்டதை, உயிர்போகிற அவசரத்தில் என் காது தெரியாது என்று சொல்லிவிட்டது. அப்போது ரசாக் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "சாயா யாங் சாலா" என்றார், தவறு என்னுடையது. நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும், போதும் என்று சொல்லிவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ரசாக்குக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. எனக்கு ஆறு மாதம் ரைஃபிளைத் தொடத் தடை; அதற்குப் பிறகு சங்கத்தில் சேர வேண்டுமென்றால் அந்த ஆறு மாதமும் பாதைத் திருப்பத்தில் கொடியோடு நிற்க வேண்டும். கஸ்தூரிக்கு எட்டு வாரம் திடலில் தடை. அணித் தேர்வு நான்காவது வாரத்தில் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டினாள். "வேணாம் அண்ணே. நீங்க உண்மைதான் சொன்னீங்க. எனக்கும் தெரியும்." காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "ஆனா உங்க தமிழுக்கு என் சீசன் போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் காப்பார் பட்டறையின் எடைமேடைக்கு நாள் வந்தபோது கையெழுத்துப் போட, பட்டறையில் கணக்கெழுதும் கிராணியை அனுப்பினாள். காஜாங்கிலிருந்து திடலுக்கு நான் டாக்சி பிடித்துப் போனேன். வசந்தா பாயைப் பரணில் போட்டுவிட்டாள். "கொடி பிடிக்கத்தானா கடல் தாண்டி வந்தீங்க?" என்று கேட்டாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் புட்டியில் எலுமிச்சை பிழிந்து வைத்தாள். பாயில்லாமல் இறங்கும் என்னைப் பார்த்து லிம் ஆன்டி, யோகா முடிந்துவிட்டதா என்று கேட்கவில்லை. வயிறே பதில் என்று நினைத்திருக்கலாம்.

பாதைத் திருப்பத்தில் நிற்கிறேன். பக்கவாட்டு மண்மேடு கழுத்துவரை என்னை மறைத்திருக்கிறது. சுடுகிறவர்கள் முந்நூறு மீட்டருக்கு அப்பால் தரையில் சிறு சிறு கறைகளாகத் தெரிகிறார்கள். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிள் வந்தால் மறிக்கிறேன்; புல்வெட்ட வருகிறவர்களிடம் கொடியைக் காட்டி, பொறுங்கள் என்கிறேன். அந்த நீலச்சட்டைக்காரர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. இங்கே சத்தத்தின் வரிசையே வேறு. முதலில் காற்று கிழிகிற ஒலி தலைக்கு எதிரே சடாரென்று கேட்கும். அதன்பிறகுதான், எங்கோ, ரைஃபிள் வெடித்த ஓசை சோம்பலாக வந்து சேரும். சுடுகிறவனாக இருந்தபோது எனக்குத் தெரியாத வரிசை இது.

ஒன்பதாவது ஞாயிறு கஸ்தூரி திரும்பி வந்தாள். என் பக்கம் வரவில்லை. தூரத்தில் அவள் பாயை விரிக்கும் விதத்திலேயே அவள்தான் என்று தெரிந்தது. ரசாக் இப்போதெல்லாம் 'பெர்ஹென்தி'யைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். ஆனால் சுட்டு முடித்தவர்கள் கொடி பிடிக்கிற எனக்கு வாக்கிடாக்கியில் தாங்களே முடித்ததாகச் சொல்ல வேண்டும். அவளுடைய பத்துத் தோட்டாக்களும் என்னைக் கடந்து போயின. பத்துக் கிழிசல், பத்து டிங். பிறகு என் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"சுடா" என்றாள். ஒரு மூச்சு நின்றது. "...தீங்க, அண்ணே."

கருவிக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. அது அவளா, வேறு யாராவதா, தெரியவில்லை. அதில் மன்னிப்பு இருந்ததா என்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவள் வெறும் 'சுடா'வோடு நிறுத்திக்கொண்டாள். இன்றும் அப்படித்தான். ஒவ்வொரு முறை அந்தச் சொல் இடுப்பில் கரகரக்கும்போதும், கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் என் வலது கையின் ஆள்காட்டி விரல் முதலில் தானாக மடிகிறது. பாதி நொடி. அதற்குள் நான் எந்தக் கரையிலும் இல்லை. பிறகு, புல்வெளியைக் கடந்து மூச்சு வாங்கிக்கொண்டு மலாய் வந்து சேர்கிறது. விரல் விரிகிறது, சிவப்புக் கொடியை இறக்குகிறேன்.